வான்கோழிக்கு வாதாடிய அறிஞரும் நம் மலைக் காட்டுக்கோழியும்



ஒவ்வொரு நாடும் தனக்கெனக் கொடியும் இலச்சினையும் வகுத்துக்கொள்வதுபோல், ஒரு பறவையையும் சின்னமாகத் தெரிந்துகொள்கிறது. 'நமது தேசியப் பறவை மயில்' என்று நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்கின்றனர். 'ஏன் மயில்?' என்று வினவும் பிள்ளை அரிது; வினவினால், 'அழகாயிருக்கிறதல்லவா!' என்று சொல்லி நாமும் பேச்சை முடித்துவிடுகிறோம். அழகு ஒன்றே சின்னமாவதற்குப் போதிய தகுதியா? எளிய தோற்றமும் நல்ல குணமும் உடைய பறவைக்கு அந்தச் சிறப்பு உரியதாகாதா? இத்திங்கள் இவ்வினாவை, கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றாகிய பைல் நாட்டின் காட்டோரத்தை மனத்திற்கொண்டு, நாம் எல்லோரும் சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம். அதற்குமுன் இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கடிதத்தைப் பற்றி அறிந்துகொள்வது நலம்.

இடியிலிருந்து கட்டடங்களைக் காக்கும் இடிதாங்கியை உலகுக்கு அளித்த பெஞ்சமின் பிராங்கிளின், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தூதராகப் பிரான்சு நாட்டில் தங்கியிருந்தார். அங்கிருந்து 1784 சனவரி 26-ஆம் நாள் தம் மகளுக்கு ஒரு கடிதம் வரைந்தார். அமெரிக்காவோ அதற்கு இரண்டாண்டுகட்கு முன்பே, 1782-இல், வெண்தலைக் கழுகைத் தன் இலச்சினையில் பொறித்துவிட்டது. பின்னர்ப் போர்வீரர் சங்கம் ஒன்று வெளியிட்ட பதக்கத்திலிருந்த கழுகு, பார்ப்பதற்கு வான்கோழிபோல் இருந்ததாகச் சிலர் எள்ளினர். அதனை ஒட்டி நகைச்சுவையோடு தம் கருத்தை எழுதினார் பிராங்கிளின். கழுகின் நடத்தை சரியில்லை என்பது அவரது குற்றச்சாட்டு. தானே உழைத்து மீன் பிடிக்காமல், வேறொரு பறவை பாடுபட்டுப் பிடித்த மீனைப் பறித்து உண்கிறது. குருவியளவே உள்ள சிறு பறவை எதிர்த்து வந்தாலும் ஓடிவிடுகிறது. வான்கோழியோ மதிப்புக்குரிய பறவை; அமெரிக்க மண்ணுக்கே உரியது; சற்றுப் பகட்டும் பேதைமையும் உண்டெனினும் வீரமுள்ளது; தன் முற்றத்தில் அயலான் படைவீரன் நுழைந்தால் எதிர்த்துப் பாயத் தயங்காது. இதுவே அக்கடிதத்தின் சாரம்.

அவர் அரசவையில் எழுந்து நின்று வான்கோழிக்காக வாதாடினார் என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. 1776-இல் இலச்சினை வகுக்கும் குழுவில் அவர் இருந்தபோது முன்மொழிந்த காட்சி வேறு. செங்கடலின் கரையில் மோயீசன் கையை நீட்டி நிற்க, பாரவோனும் அவன் படையும் நீரில் அமிழும் விடுதலைப் பயண நிகழ்ச்சியையே அவர் அன்று எழுதிக் கொடுத்தார். ஆயினும் அக்கடிதத்தில் விளையாட்டாக அவர் தொட்ட உண்மை ஆழமானது. சின்னமாக நிற்பதைத் தோற்றத்தால் அளக்காமல், அது பிழைக்கும் நேர்மையாலும் தன் மண்ணோடு அதற்குள்ள உறவாலும் அளந்தார் அவர்.

வான்கோழி என்றதும் நமக்கோ கிறிஸ்து பிறப்பு விழா விருந்து நினைவுக்கு வரும்; இல்லையேல் ஒளவையாரின் மூதுரை நினைவுக்கு வரும். மயிலைக் கண்டு தானும் ஆட முயன்ற நகைப்புக்குரிய பறவையாக அங்கே வான்கோழி நிற்கிறது. ஆனால், இன்று நாம் அப்பெயரிட்டு வளர்க்கும் பறவை அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. கொலம்பசு 1492-இல் கடல் கடந்து சென்ற பின்னரே பிற கண்டத்தார் அதனை அறிந்தனர். 1612-இல் கோவாவிலிருந்து மொகலாயப் பேரரசர் சகாங்கீரின் அவைக்கு அது கொண்டுவரப்பட்டபோது, பேரரசர் வியந்து அதன் தோற்றத்தைத் தம் நினைவேட்டில் விரிவாக எழுதினார். ஓவியர் மன்சூர் தீட்டிய வான்கோழி ஓவியம் இலண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இன்றும் உள்ளது. அதற்கு முற்பட்ட தமிழ்ச் செய்யுளில் வரும் வான்கோழி வேறொரு பறவையாகவே இருந்திருத்தல் வேண்டும். யாருக்கோ விழுந்த வசை, பெயர் ஒற்றுமையால் இந்தப் பறவையின் தலையில் ஏறிவிட்டது. மனிதரிடையேயும் இவ்வாறு நேர்வதை நாம் காணாமலில்லை.

அமெரிக்காவில் இவ்விரு பறவைகளுக்கும் பின்னர் நேர்ந்தது என்ன? பிராங்கிளின் பிறந்த மசாசூசெட்சு மாநிலத்தில், காடுகள் அழிக்கப்பட்டும் வரையறையின்றி வேட்டையாடப்பட்டும் காட்டு வான்கோழி 1851-ஆம் ஆண்டோடு அற்றுப்போயிற்று. நூற்றிருபது ஆண்டுகட்குப் பின், 1972-73-இல், அண்டை மாநிலமான நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்து காட்டில் விட்டனர். அவை பெருகி, இன்று அம்மாநிலத்தின் ஊர்த் தெருக்களிலும் உலவுகின்றன. சின்னமாக உயர்ந்த கழுகின் நிலை என்ன? நாணயத்திலும் முத்திரையிலும் அது கம்பீரமாகப் பறந்துகொண்டிருக்கையில், வானத்தில் பறந்த கழுகுகள் குறைந்துகொண்டே வந்தன. வயல்களில் தெளித்த டி.டி.டி. நஞ்சு மீன்வழியே அதன் உடலிற் சேர்ந்து, முட்டையோட்டை மெலிதாக்கியது. அடைகாக்கும் தாயின் எடையையே தாங்காமல் முட்டைகள் நொறுங்கின. 1963-இல் அலாசுகா நீங்கலாக அப்பெருநாட்டின் நிலப்பகுதியில் கூடு கட்டிய கழுகுச் சோடிகள் ஐந்நூறுகூட இல்லை. 1972-இல் டி.டி.டி. தடை செய்யப்பட்டது, கழுகு மெல்லப் பெருகி, 2007-இல் அழிவின் பட்டியலிலிருந்து நீங்கியது. தேசியப் பறவை என்று சட்டம் அதற்குப் பெயர் சூட்டியதோ 2024 டிசம்பரில்தான்!

இவ்விரண்டும் ஒரே பாடத்தைக் கூறுகின்றன. முத்திரையில் பொறிக்கப்பட்டதால் கழுகு பிழைக்கவில்லை. நஞ்சை நிறுத்தியதால் பிழைத்தது. முத்திரையில் இடம் பெறாத வான்கோழியும், மனிதர் மனமிரங்கிக் கொண்டுவந்து விட்டதால் மீண்டது.

நம் நாட்டிற்கு வருவோம். 1960-ஆம் ஆண்டை ஒட்டி, ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு பறவையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்னும் வேண்டுகோள் உலகப் பறவைப் பாதுகாப்பு அமைப்பிடமிருந்து எழுந்தது. இந்திய வனவுயிர் வாரியம் நமது உதகமண்டலத்தில் கூடி இதுபற்றி ஆராய்ந்தது. சாரசக் கொக்கு, கருடன், அன்னம், கானமயில் ஆகியவை மயிலோடு எண்ணப்பட்டன. நாடெங்கும் காணப்படுவது, பாமரரும் அறிந்தது, கதைகளிலும் கலைகளிலும் இடம் பெற்றது என்னும் தகுதிகளால் 1963-இல் மயில் தேசியப் பறவையாயிற்று. பறவையியல் அறிஞர் சாலிம் அலியோ கானமயிலையே விரும்பினார். புல்வெளியில் நடந்து திரியும் அப்பெரும் பறவை அப்போதே அருகிக்கொண்டிருந்தது. சின்னமாக்கினால் நாட்டின் கண் அதன்மேல் விழும், அதனால் அது பிழைக்கும் என்பதே அவரது எண்ணம். அதன் ஆங்கிலப் பெயரில் ஓரெழுத்துப் பிழையானாலும் வசைச்சொல்லாகிவிடும் என்று அஞ்சியதும் அது விலக்கப்பட ஒரு காரணம் என்பர். அது மெய்யாயின், ஓர் எழுத்துக்கு அஞ்சி ஓர் உயிரைக் கைவிட்டோம் என்றே சொல்லவேண்டும்.

விளைவு நம் கண்முன் உள்ளது. மயில் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றுப் பெருகியது. தமிழகத்தின் பல ஊர்களில் உழவர்கள் மயில் கூட்டம் பயிரை அழிக்கிறதென்று முறையிடும் அளவுக்குப் பெருகியது. கானமயிலோ இன்று நாடு முழுவதிலும் இருநூறுகூட எஞ்சவில்லை. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை இராசத்தானத்துப் பாலை நிலத்தில் வாழ்கின்றன. முன்னோக்கிப் பார்க்கும் ஆற்றல் அதற்குக் குறைவாதலால், பறக்கையில் மின்கம்பிகளில் மோதி மடிகின்றன. உச்சநீதிமன்றம் 2021-இலும் 2024-இலும் இதுபற்றி ஆணையிட நேர்ந்தது. முட்டைகளைச் சேர்த்துப் பொரிக்கவைத்து வளர்க்கும் முயற்சி 2019 முதல் நடந்துவருகிறது. ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை இடும் பறவை அது. இழந்ததை ஈடுசெய்ய அதற்கு நெடுங்காலம் வேண்டும்.

இனிக் கொல்லிமலை ஏறுவோம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பலாவும் மிளகும் காப்பியும் மணக்கும் ஊர்கள் விரிகின்றன. சங்க காலத்து வள்ளல் எழுவருள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவனோடு ஒருங்கு எண்ணப்படும் பேகன், குளிரால் நடுங்குகிறதென்று நினைத்து மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தவன். பாரி, படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரை ஈந்தவன். மயிலுக்கு அன்றே ஒரு பேகன் கிடைத்தான். ஓரியின் மலையில் வாழும் எளிய பறவைக்குப் போர்வை ஈந்தவர் எவருமில்லை. அதுவே நம் சாம்பல் நிறக் காட்டுக்கோழி.

பைல் நாடு போன்ற மலைநாடுகளில், காடும் கழனியும் சந்திக்கும் விளிம்பே அதற்கு உவந்த இடம். பொழுது புலருமுன் புதருக்குள்ளிருந்து கரகரத்த குரலில் விட்டுவிட்டுக் கூவும். நம் வீட்டுச் சேவலின் நீண்ட கூவலைப் போன்றதன்று அது. சேவலின் உடல் சாம்பல் நிறம். கழுத்துத் தூவிகளில் மெழுகைச் சொட்டியதுபோல் மஞ்சள் புள்ளிகள் மின்னும். பெட்டையின் மார்பில் பழுப்பும் வெண்மையும் செதில்செதிலாக அமைந்திருக்கும்; சருகில் அமர்ந்து அடைகாக்கும்போது பக்கத்தில் நிற்பவர்க்கும் புலப்படாது. தரையைக் கிளறிக் கறையானும் விதையும் கனியும் தின்னும்; இரவில் மரக்கிளையில் அடையும். பிறர் பிடித்த இரையைப் பறித்து உண்ணும் பழக்கம் அதற்கில்லை. பிராங்கிளினின் அளவுகோல் கொண்டு அளந்தால், நேர்மையில் அதற்கு முழு மதிப்பெண் இடலாம்.

மண்ணின் உரிமையிலோ அது மயிலையும் விஞ்சும். மயில் இலங்கையிலும் பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் உண்டு. நம் தமிழக அரசின் பறவையாகிய மரகதப் புறா கிழக்காசிய நாடுகள்வரை பரவியுள்ளது. சாம்பல் நிறக் காட்டுக்கோழியோ இந்தியாவிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. நம் அண்டை நாடான இலங்கை, தன் தீவுக்கே உரிய காட்டுக்கோழியைத் தேசியப் பறவையாக ஏற்றுக்கொண்டது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். கழுகையும் சிங்கத்தையும் தேடும் உலகில், காட்டுக்குள் மண்ணைக் கிளறும் கோழிக்கு ஒரு நாடு முதலிடம் தந்தது பாராட்டத்தக்கது.

இன்னுமொரு செய்தி நம் குடும்பங்களை நேரே தொடுவது. கொல்லிமலையின் அடிவாரத்தில் விரிந்திருக்கும் நாமக்கல் பகுதி, முட்டை உற்பத்தியில் இந்தியாவிலேயே முன்னணியில் நிற்கிறது. நம் பிள்ளைகள் சத்துணவில் உண்ணும் முட்டையும், நாம் கடையில் வாங்கும் முட்டையும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. அக்கோழிகளின் கால்களைக் கண்டிருப்பீர்கள்; மஞ்சள் நிறம். வீட்டுக்கோழி முழுவதும் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்தே தோன்றியதென்று டார்வின் கருதினார். அறிஞர் உலகமும் நெடுங்காலம் அவ்வாறே நம்பியது. ஆனால், அம்மஞ்சள் நிறத்தைத் தரும் மரபுக்கூறு சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென்று சுவீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் கண்டறிந்தனர். என்றோ ஒரு காலத்தில் நம் நாட்டுக் காட்டோரத்துச் சேவல் ஒன்று குடியானவனின் கோழியோடு கூடியதன் அடையாளத்தை, உலகெங்கும் கோடிக்கணக்கான கோழிகள் இன்று தம் கால்களில் ஏந்தி நிற்கின்றன. மலைமேல் புதருக்குள் கூவுவது, அடிவாரத்துப் பண்ணைகளில் முட்டையிடுவனவற்றுக்கு உறவினன்! நாளை கொடிய நோயொன்று பண்ணைக் கோழிகளைத் தாக்கினால், அதனை எதிர்க்கும் ஆற்றலை எங்கே தேடுவது? காட்டில் எஞ்சியிருக்கும் மூல இனங்களிடம்தான் தேட வேண்டும். அவற்றை அழியவிட்டால், தேடுவதற்கு இடமே இராது.

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இப்பறவைக் குடும்பம் அயலானதன்று. புனித இராயப்பரின் உள்ளத்தை உடைத்து அவரைக் கண்ணீரால் கழுவியது ஒரு சேவலின் குரல். அதனாலேயே ஐரோப்பாவின் பழைய ஆலயக் கோபுரங்கள் பலவற்றின் உச்சியில் சேவலின் உருவம் நிற்கிறது. எருசலேம் நகரை எண்ணி ஆண்டவர் வருந்தியபோது, தம் அன்புக்கு உவமையாக எடுத்துக்கொண்டது எது? உரோமைப் படை தன் கொடியில் ஏந்திய கழுகை அவர் நாடவில்லை. குஞ்சுகளைச் சிறகடியில் அணைக்கும் கோழியையே நாடினார். வானத்துப் பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்ததும் குஞ்சுகளை மறைத்துக்கொண்டு எதிர்த்து நிற்கும் தாய்க்கோழியை நம் வீடுகளில் கண்டவர்களுக்கு, அவ்வுவமையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் மயிலை நீக்கிவிட்டுக் காட்டுக்கோழியை அமர்த்துக என்கிறோமா? இல்லை. மயிலுக்குரிய மதிப்பு மயிலுக்கே இருக்கட்டும். மரகதப் புறாவும் தன் இடத்தில் வாழட்டும். நாம் கேட்பது வேறு. சின்னம் என்பது நாம் ஒன்றுக்கு அளிக்கும் பட்டம் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது நாம் ஏற்றுக்கொள்ளும் கடன். சுவரில் தொங்கும் திருவிருதயப் படம் இல்லத்தாரின் நடத்தையால் பொருள் பெறுவதுபோல், சின்னமும் நாம் அதற்குச் செய்யும் காவலால் பொருள் பெறுகிறது. கடனை ஏற்க அரசாணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஓர் ஊர், ஒரு பங்கு, ஒரு பள்ளி, ஏன், ஒரு குடும்பமே 'இது நம் பறவை. இதற்கு நாம் பொறுப்பு' என்று தீர்மானிக்கலாம்.

சாம்பல் நிறக் காட்டுக்கோழி இன்னும் அருகிவிடவில்லை. காட்டோரங்களில் அதன் குரல் இன்றும் கேட்கிறது. கானமயிலின் நிலைக்கு வந்தபின் நீதிமன்றத்தை நாடுவதைவிட, இருக்கும்போதே காப்பது எளிது, செலவும் குறைவு. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. சட்டம் நுழையாத இடத்தில் நம் மனச்சாட்சி நுழையவேண்டும். மலைப்பகுதிக்கு உலாச் செல்லும்போது, 'காட்டுக்கோழிக் கறி இருக்கிறது' என்று எவரேனும் அழைத்தால், வேண்டாவென்று சொல்லும் உறுதி நமக்கு வேண்டும். காட்டையே நம்பி வாழும் ஏழையின் பசி வேறு. வயிறு நிறைந்த நம் நாவின் ஆசை வேறு. நம் ஆசைக்கு விலை பேசிவிட்டு, கண்ணி வைத்தவனை மட்டும் குற்றவாளியாக்குவது நீதியன்று. வாங்குவோர் இல்லையேல் கண்ணி வைப்போரும் குறைவர்.

மலையில் வாழும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயிற்காடுகளை வெட்டாமல் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் உங்கள் முன்னோர். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் பலவற்றில் மரவள்ளி புகுந்தபோது, 'பழைய தானியம் எதற்கு?' என்று உலகம் கேட்டது. அதே உலகம் 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. எளியதென்று ஒதுக்கப்பட்டதன் அருமை காலம் கடந்தே விளங்குகிறது. தானியத்தின் அருமையை விதை அழியுமுன் உணர்ந்தோம். பறவைக்கும் அவ்வாறே, கழனி ஓரத்துப் புதரையும் காட்டுத் துண்டையும் விட்டுவைப்பீர்களாக.

பெற்றோர்களே! அடுத்த முறை பிள்ளைகள் தேசியச் சின்னங்களை மனப்பாடம் செய்யும்போது, அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'நம் ஊருக்கென ஒரு பறவையைத் தேர்ந்தால் எதைத் தேர்வாய்? அதற்காக என்ன செய்வாய்?' மதிப்பெண் இல்லாத கேள்வி இது. விடை தேடும் பிள்ளை வெளியே வந்து மரத்தைப் பார்க்கும். விடியலில் எழுந்து காது கொடுக்கும். அருகிலிருப்பதன் பெயரை அறியும். பெயர் அறிந்ததை மனிதன் எளிதில் அழிக்கமாட்டான். படைப்புகளுக்கெல்லாம் பெயரிடும் பணியை ஆதித் தந்தைக்கு ஆண்டவன் அளித்ததன் கருத்தும் அதுவேயென்று நாம் கருதுகிறோம்.

பேகன் போர்வையை ஈந்தபோது, மயிலுக்கு அது தேவையா என்று கணக்குப் பார்க்கவில்லை. ஓரியின் மலையில் கூவும் பறவைக்கு நாம் போர்வை நெய்ய வேண்டியதில்லை. அதன் புதரை விட்டுவைத்தால் போதும்.